மூன்றாம் வேற்றுமை

டொபீகாவில் எங்கள் ஆலைக்கு மூன்று புகைபோக்கிகள்.
தெற்குக் காற்று அடித்தால்
ஊர் முழுக்க வெந்த எலும்பு மணக்கும்.
நான் உட்கார்ந்திருப்பது இரண்டாம் மாடியில்,
மணம் ஏறாத கண்ணாடி அறையில்.
நாய்த்தீனிப் பையின் மேல்
என்ன எழுதலாம் என்று பார்த்து எழுதுகிறவள்.

வெறும் ‘சால்மன்’ என்றால்
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மீன் வேண்டும்.
‘சால்மன் விருந்து’ என்றால் கால் பங்கு போதும்.
‘சால்மனுடன்’ என்றால் மூன்று.
‘சால்மன் சுவை’ என்றால்
மீன் அந்தப் பக்கமாக நீந்திப் போயிருந்தாலே சரி.

‘உடன்’ எந்த வேற்றுமை என்ற கேள்விக்கு
மூன்றாவது என்றெழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
அதன் விலையும் மூன்றுதான் என்பது
கான்சாஸ் வந்த பிறகே தெரிந்தது.

பட்டாணி வேறு கதை.
எடை கூடியது முதலில் வர வேண்டும், அது விதி.
உள்ளபடி போட்டால் பட்டாணிக்குத்தான் முதல் பந்தி.
ஆகவே உடைத்தோம்:
பட்டாணி மாவு,
பட்டாணிப் புரதம்,
பட்டாணி நார்.
பாகப்பிரிவினையில் மூவரும் இளைத்துப் போக,
முக்கால் உடம்பு தண்ணீரோடு
சால்மன் வந்து தலைவாழை இலையில் உட்கார்ந்தது.
ப்ளூபெரி உப்புக்குச் சப்பாணி.
டன்னுக்கு எத்தனை கைப்பிடி என்று
கீழே கலவை போடும் டுவெய்னைக் கேட்டேன்.
“யார் கை?” என்றான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.
அட்டையில் துள்ளும் மீன்
எட்டு வருடமாக என் வீட்டு வாடகைக்கு உதவியது.
பொய் ஒன்றுகூட இல்லை;
வக்கீல் வரி வரியாகப் பார்த்துத்தான் அனுப்புவார்.
பொய் இல்லாத இடத்தில்
உண்மை தானாக வந்து குடியேறிவிடும் என்று
நானும் நினைத்திருந்தேன்.

மார்ச்சில் ஒரு குரல் பதிவு.
சலைனாவிலிருந்து வெர்னா ஹோல்ஸ்டெட்,
பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள்.
அவளுடைய பிக்கிளுக்குக் கோழி ஆகாது.
கடித்துக் கடித்து
வாலடியில் ரோமம் போய் ரத்தம்.
“பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டேன்,
கோழி என்று எங்கேயும் இல்லை.
பதினோராவதாக ‘இயற்கைச் சுவை’ என்று ஒன்று இருக்கிறதே,
அது என்ன?”

அது கோழி ஈரல்.
வேகவைத்து, கரைத்து, உருண்டைகளின் மேல் தெளிப்பது.
அந்தச் சொல்லைப் பொறுக்கியவள் நான்தான்.
ஈரலைவிட அது பார்க்க லட்சணமாக இருந்தது.

இப்படிக் கேட்பவர்களுக்கென்று
தயாராக ஒரு கடிதம் உண்டு:
கலவை வணிக ரகசியம்,
உங்கள் செல்லத்தின் நலமே எங்கள் மகிழ்ச்சி.
அனுப்பு பொத்தானில் விரல் வைத்தேன்.
எடுத்தேன்.
வண்டி நிறுத்தும் இடத்துக்கு இறங்கிப் போய்
என் சொந்தப் போனில் அழைத்தேன்.
காற்று அன்றைக்குத் தெற்கிலிருந்து.

“கோழி,” என்றேன்.
அவ்வளவுதான்.
எழுவாய்க்கு உருபு கிடையாது.

திட்டுவாள் என்று காதைச் சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தேன்.
அவள் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.
பிறகு,
“அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.
பையைப் பிரித்ததும்
கோழியைக் கண்டால் ஆடும் அதே ஆட்டம்.
நான்தான்
நாயைப் பார்க்காமல் பையைப் படித்துக்கொண்டிருந்தேன்.”
என் பெயரைக் கேட்டாள்.
சொன்னேன், நித்திலா.
எழுத்துக் கூட்டச் சொன்னாள்.
ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்,
அவள் எழுதிக்கொள்கிறாள் என்று தெரிந்தே.

மேலே வந்தால் திரையில் அடுத்த பை:
‘மான் இறைச்சியுடன்.’
‘உடன்’ மட்டும் அழித்துப் பார்த்தேன்.
தொண்ணூற்றைந்து கேட்டது.
திரும்பப் போட்டேன்.
மணி ஐந்தரை.
கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு
வருகிறது, போகிறது.
இன்னும் அனுப்பவில்லை.